காதில் சொன்ன விலை

ஏலத்தில் முழு எண்ணில் விலை வைக்கக் கூடாது. ஐந்நூறு என்று தோன்றினால் ஐந்நூற்றுப் பதினொன்று வையுங்கள். உலகத்தில் பாதிப் பேர் முழு எண்ணில்தான் யோசிக்கிறார்கள்; அந்தப் பதினொரு ரூபாயில் அத்தனை பேரும் கீழே நின்றுவிடுவார்கள். ஆறு ஆண்டுகள் இணைய ஏலத்தில் வாங்கி விற்றவன் என்ற முறையில் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, ஏமாற்றிய விஷயத்தை மட்டும் எழுதினால் போதும் என்றீர்கள். அரைகுறையாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. என் கையெழுத்தும் மோசமில்லை, முழுதாகவே எழுதுகிறேன்.

என் பெயர் தேவநாதன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். ஏழு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், பின்னால் திரை போட்ட ஒரு சின்ன அறை. இரண்டாயிரத்து நாலில் ஆரம்பித்தேன். மவுஸைத் தொட்டுவிட்டுப் போகும் விரல்களைப் பார்த்தே மனிதர்கள்மேல் எனக்கு ஒரு குமட்டல் வந்துவிட்டது. மிக்சர் எண்ணெய், சுண்ணாம்பு, மூக்குப்பொடி, இன்னும் என்னென்னவோ. தினமும் ஸ்பிரிட் ஊற்றித் துடைப்பேன். மறுநாள் மதியத்துக்குள் மறுபடி பிசுக்கு ஏறியிருக்கும்.

இணைய ஏலம் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதில் முகம் கிடையாது என்பதுதான். ஏலத்தில் நிற்கும் முகத்தை நான் பன்னிரண்டு வயதில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் திட்டக்குடிப் பக்கம். சாலையோரப் புளியமரங்களின் மகசூலை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். என் அப்பா ராஜமாணிக்கத்துக்கும் அவருடைய பெரியப்பா மகன் பழனிவேலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வருஷம் இரண்டு பேரும் போட்டிபோட்டு ஏற்றினார்கள். மற்றவர்கள் எல்லாரும் எப்போதோ ஒதுங்கிவிட்டார்கள். அப்பா விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, வாயோரத்தில் எச்சில் நுரை ஒதுங்கி, மரத்தின் பெறுமானத்தைப் போல் நாலு மடங்குக்கு எடுத்தார். கூட்டம் சிரித்தது. பழனிவேல்தான் அதிகமாகச் சிரித்தார். இரண்டு ஏக்கர் நிலம் போனது. நிலம் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த எச்சிலை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஆசை ஏறிய முகத்தைப் பார்க்கவே கூடாது.

ஆகவே நான் புத்தியோடு ஏலம் கேட்கப் பழகிக்கொண்டேன். உச்ச விலையை மனதுக்குள் முடிவு செய்துவிட வேண்டும், அதை யாரிடமும் சொல்லக் கூடாது. ஆரம்பத்திலேயே விலை வைத்து ஆர்வத்தைக் காட்டக் கூடாது. கடைசிப் பத்து விநாடியில் ஒரே முறை. இதையெல்லாம்விட முக்கியம், விற்பவன் ஏன் விற்கிறான் என்று தெரிந்துகொள்வது. செத்தவர் வீட்டுப் பொருள்தான் இருப்பதிலேயே மலிவு. சக்கர நாற்காலி, தண்ணீர் மெத்தை, காது மெஷின். காரியம் முடிந்ததும் அவற்றை வீட்டில் பார்க்க அவர்களுக்குத் தாங்காது. வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் வாங்கிக் கழுவி, இரண்டு மாதம் வைத்திருந்து, தேவைப்படுகிறவர்களுக்கு விற்பேன். அதில் தப்பொன்றும் இல்லை.

வாங்குவதற்கு அப்பா பெயரில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ராஜமாணிக்கம். விற்பதற்குப் பாண்டியன், கோயம்புத்தூர் என்று ஒரு கணக்கு. பாண்டியன் என்று யாரும் கிடையாது.

இரண்டாயிரத்துப் பத்து ஆகஸ்டில் சிதம்பரத்திலிருந்து ஓர் ஆக்சிஜன் மெஷின் ஏலத்துக்கு வந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற பெட்டி. சிலிண்டர் வேண்டாம், கரண்ட் இருந்தால் போதும். புதிது அப்போது அறுபதாயிரத்துக்குக் குறையாது. விற்றவள் பெயர் வினோதினி. 'அப்பா பயன்படுத்தியது, இனித் தேவையில்லை' என்று எழுதியிருந்தாள். கடைசிப் பத்து விநாடியில் ஆறாயிரத்து நூற்று அறுபத்தொன்று வைத்தேன், கிடைத்தது.

பார்சல் செலவு எதற்கு என்று நானே சிதம்பரம் போனேன். மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. முப்பது வயதுப் பெண், தனியாக இருந்தாள். குழாய்களை வெந்நீரில் அலசி, துணியில் சுற்றி வைத்திருந்தாள். மெஷின் யாருக்கு என்று கேட்டாள். அப்பாவுக்கு என்றேன். அப்பா செத்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

"எங்க அப்பாவுக்கு ரெண்டு லிட்டர்ல வெச்சோங்க" என்று அளவு காட்டும் குழலைத் தொட்டுக் காட்டினாள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. "அவுருக்கு எழுத்து தெரியாது, கண்ணு மங்கிடுச்சி. என் நெயில் பாலிஷ எடுத்து அவுரே புள்ளி வெச்சிக்கிட்டாரு. உங்க அப்பாவுக்கு டாக்டர் சொல்ற அளவுல வெச்சிக்குங்க."

பணத்தை எண்ணியவள் ஆயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாள், அப்பாவுக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள் என்று. வாங்கிக்கொண்டேன். கூடத்தில் அவள் அப்பா சாய்ந்து கிடந்த இடத்தில் சுவரில் தலை எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. அவள் அதைத் துடைக்காமல் வைத்திருந்தாள். பார்க்கச் சகிக்காமல் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்டோபரில் மலர்க்கொடி வந்தாள். துறைமுகத்தில் மீன் எடுத்து மஞ்சக்குப்பம் தெருக்களில் கூடையில் விற்கிறவள். அவள் வீட்டுக்காரர் காத்தவராயன் கடலுக்குப் போனவர். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு கட்டுகிற பட்டறையில் தேய்ப்பு வேலைக்குச் சேர்ந்து, ஐந்து வருஷம் தேய்க்கும்போது பறக்கிற ஃபைபர் தூளை மூச்சாக இழுத்திருக்கிறார். நுரையீரல் போய்விட்டது. இரண்டு நாளைக்கு ஒரு சிலிண்டர் பாண்டிச்சேரியிலிருந்து வரவேண்டும். வீட்டில் மெஷின் வைத்துவிட்டால் ஆள் இன்னும் பல வருஷம் இருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். கம்ப்யூட்டரில் பழைய மெஷின் ஏலத்துக்கு வரும் என்று யாரோ சொல்லி என்னிடம் வந்தாள்.

உள்ளே நுழைந்ததுமே மொத்தக் கடையும் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு மீன் வாசம். சோப்பைக் கொடுத்து வெளியே குழாயைக் காட்டினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த முறையிலிருந்து குளித்து, மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். மல்லிகையும் மீனும் கலந்த வாசம் வெறும் மீனைவிட மோசம்.

எதுவரை போகலாம் என்று கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, எழுந்து வந்து குனிந்து, என் காதுக்குள் "இருவத்திரெண்டாயிரம்" என்றாள். மூச்சுக்காற்று காதில் பட்டது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன்.

"ஏம்மா காதுல சொல்ற?"

"தொறையில அப்டித்தாண்ணா. கூடைக்காரிங்க நாங்க பின்னாடிதான் நிப்போம், முன்னாடி ஏவாரிங்க நிப்பாங்க. ஏலம் உடுறவரு காதுல எங்க வெலய சொல்லி வெச்சிடுவோம். அதுக்குள்ள எவ்ளோ கொறச்சி முடியுமோ, முடிச்சிக் குடுப்பாரு. அத்த அவுரு வெளிய உட்டாருன்னா அப்புறம் ஒரு கூடைகூட அவுருகிட்ட நிக்காது."

அதுதான் அவள் செய்த தப்பு. எனக்கும் துறைமுகத்துக்கும் என்ன சம்பந்தம்? என் கடையில் யாருடைய கூடையும் நிற்கத் தேவையில்லை. ஒருவர் தன் உச்ச விலையை இன்னொருவர் காதில் சொல்லலாம் என்று நினைப்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது. வாயில் போட்டு மென்றதை எடுத்து நீட்டுவது மாதிரி.

அதுவரை அந்த மெஷினை நான் விற்பனைக்கு வைக்கவில்லை. திரைக்குப் பின்னால் துணி மூடி இருந்தது. அன்று மாலையே பாண்டியன் பெயரில் ஏலத்தில் வைத்தேன், ஆரம்ப விலை பதினைந்தாயிரம், ஏழு நாள், வியாழக்கிழமை மாலை நாலு பன்னிரண்டுக்கு முடியும். அப்போதெல்லாம் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். எங்கள் தெருவுக்கு மதியத்தோடு சரி, நாலு மணிக்குக் கரண்ட் இருக்கும்.

வியாழக்கிழமை அவளை நாலாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தேன். அவள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து நானே விலை போட்டேன். பிறகு என் மேசைக்கு வந்து ராஜமாணிக்கம் பெயரில் ஏற்றினேன். அவளுடைய விலையை இருபத்தொன்று தொள்ளாயிரம்வரை கொண்டுபோய், அங்கே நிறுத்தி, அவளுக்கே விடுவதுதான் திட்டம். இதுவரைக்கும் நிறையப் பேர் செய்கிறதுதான். ஆனால் அவள் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, புரியாத திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் இன்னொரு முறை தட்டிவிட்டது. இருபத்திரண்டாயிரத்துப் பதினொன்று. ராஜமாணிக்கம் எடுத்துவிட்டார்.

"போயிடுச்சாண்ணா?"

"போயிடுச்சும்மா. உன் வெலைக்கு மேல கேட்டுட்டாங்க."

"சரி. வேற வந்தா சொல்லுங்க." பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஏலம் விடுகிறவருக்கு ஒரு கை மீன் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். சங்கரா. அவள் போனதும் குப்பையில் போட்டேன்.

அதே மாதிரி இன்னொரு மெஷின் வந்திருக்கிறது என்று சொல்லி, அதையே மறுபடி வைத்தேன். அடுத்த வியாழன் வந்து காதில் "இருவத்தேழு" என்றாள். காதில் தோடு இல்லை, ஓட்டை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். நான் நினைத்துப் பார்த்தேன். போன வாரம் இருபத்திரண்டுதான் கடைசி என்று சொன்னவள் இவள்தானே? அப்படியானால் அது பொய். இந்த ஐயாயிரம் அன்றைக்கும் அவள் காதில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. உண்மையான விலை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இருபத்தேழாயிரத்துப் பதினொன்றுக்கு ராஜமாணிக்கம் எடுத்தார்.

பணத்துக்காகச் செய்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. பணம்தான் வேண்டுமென்றால் முதல் வாரமே இருபத்தொன்று தொள்ளாயிரம் கைக்கு வந்திருக்கும். நானே விற்று நானே வாங்கியதில் தளத்துக்குக் கட்டிய கட்டணம் எனக்குத்தான் நட்டம்.

மூன்றாவது வியாழன் "முப்பத்திரெண்டு" என்றாள். வீட்டுக்காரர் பங்குக்கு இருந்த மீன்வலையை விற்றுவிட்டாளாம். "இதாண்ணா கடேசி, சத்தியமா" என்றாள். ஏலம் முடியக் காத்திருந்தபோது என்னிடம் கேட்டாள்.

"யாருண்ணா அந்த ராஜமாணிக்கம்? ரெண்டு மிஷினு எடுத்துட்டாரு. அவுரு ஊட்ல ஜாஸ்தி பேருக்கு முடியல போல, பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் மவுஸை எடுத்து இன்னொரு முறை துடைத்தேன். தன் மெஷினைப் பிடுங்குகிறவனுக்காகப் பரிதாபப்படுகிற ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்புறம் தலையைத் திருப்பிக் காதுகொடுத்துக் கேட்டாள்.

"உள்ள இன்னாண்ணா, மூச்சு வுடற மாரி சத்தம் வருது?"

"இன்வெர்ட்டரும்மா."

அது இன்வெர்ட்டர் இல்லை, அந்த மெஷின்தான். வாரத்துக்கு அரை மணி நேரமாவது ஓட்டாவிட்டால் உள்ளே இருக்கும் பம்பு இறுகிவிடும். டப் என்று ஒரு சத்தம், பிறகு நீளமாக ஒரு மூச்சு, மறுபடி டப். அவள் உட்கார்ந்த நாற்காலிக்கும் அதற்கும் பத்தடி இருக்கும், நடுவில் ஒரு திரை. முப்பத்திரண்டாயிரத்துப் பதினொன்று. அன்றைக்கு அவள் கொடுத்தது வஞ்சிரம். எறிய மனம் வரவில்லை. நன்றாகக் கழுவி வறுத்துச் சாப்பிட்டேன்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நாலாவது ஏலம் முடிகிற வியாழனுக்கு முன் மூன்று நாளாக விடாத மழை. பாண்டி ரோட்டில் தண்ணீர் ஏறி சிலிண்டர் வண்டி வரவில்லை. காத்தவராயனைப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றரை மணிக்கு அவள் சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள். குளிக்கவில்லை, பூ வைக்கவில்லை, கை கழுவவில்லை. என் காதருகே குனியவும் இல்லை. வாசலிலேயே நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எவ்ளோ ஆனாலும் எடுத்துடுங்கண்ணா. ஊட்ட எழுதிக் குடுத்துட்டுக் கூடக் குடுக்கிறேன். அவுரு ஒதடு நீலமாயிடுச்சி."

"கோயம்புத்தூர்லேர்ந்து வர ரெண்டு நாள் ஆகுமேம்மா."

"சிலிண்டரு காலியாவப் போவுது. கொஞ்சம் கொஞ்சமா வெச்சி ஓட்டிக்கிறேன். எடுத்துடுங்க."

அவள் வாயோரத்தில் எச்சில் நுரைத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உச்ச விலை இல்லாத ஆளுக்காக ஏலம் கேட்பது எப்படி? 'எவ்வளவு ஆனாலும்' என்பது ஓர் எண் இல்லை. அவள் கணக்கைத் திறந்தேன், எண் போடுகிற கட்டம் காலியாக மினுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராஜமாணிக்கம் வரவில்லை. வேறு யாரும் வரவில்லை. ஆரம்ப விலையான பதினைந்தாயிரத்தைத் தட்டியிருந்தால் போதும், அவளுக்கு விழுந்திருக்கும். அதுவும் வேண்டாம், எழுந்துபோய்த் திரையை விலக்கியிருந்தால் போதும். நான் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பன்னிரண்டுக்கு ஏலம் முடிந்தது. கேட்பார் இல்லை என்று திரையில் வந்தது.

"கெடச்சிதாண்ணா?"

"இல்லம்மா."

"அந்த ராஜமாணிக்கமா?"

ஆமாம் என்றேன். அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு மழையில் இறங்கிப் போனாள். விடியற்காலை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் காத்தவராயன் இறந்துவிட்டார் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. கடையில் அவள் சொட்டிவிட்டுப் போன தண்ணீரை அன்றே துடைத்துவிட்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வந்தாள். இனிமேல் தனக்காக மெஷின் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறாள். இதற்காக யாராவது வருவார்களா? "உங்களுக்கு எவ்ளோ செரமம் குடுத்துட்டேண்ணா" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வினோதினி உள்ளே வந்தாள். இடையில் இரண்டு முறை போன் செய்து அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாள், நன்றாக இருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். இப்போது பாண்டியன் போட்ட படத்தில் சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு, ராஜமாணிக்கம் கணக்கில் இருந்த என் கடை முகவரியைத் தேடிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"சார், அப்பாவுக்கு இன்னா ஆச்சி? மெஷின ஏன்" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அன்றும் வாராந்தர அரைமணி நேரம். உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தத்தோட ரெண்டு வருஷம் தூங்கியிருக்கேன்" என்றாள். என்னைக் கேட்காமலே போய்த் திரையை விலக்கினாள்.

மலர்க்கொடிக்கு முதலில் புரியவில்லை. வினோதினிதான் புள்ளியைக் காட்டி, இது எங்கள் அப்பாவுடையது, ஆகஸ்டிலிருந்து இவரிடம் இருக்கிறது, ராஜமாணிக்கம் என்ற பெயரில் வாங்கினார் என்று சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, குழாயின் நுனியை எடுத்து உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள்.

"காத்து வருதே" என்றாள். குழாயை மடியில் வைத்துக்கொண்டு, "இங்கியேவா இருந்துது" என்றாள். அடிக்கவில்லை, அழவும் இல்லை. நான் நாலாம் நம்பர் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. வினோதினிதான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அதையும் நான்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

இதற்கு மேல் உங்களுக்குத் தெரியும். மெஷின் இப்போது உங்கள் ஸ்டேஷனில் இருக்கிறது. வாரத்துக்கு அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. அந்த வியாழக்கிழமை ஆக்சிஜன் என்னிடம் இருந்தது, அது கிடைக்காவிட்டால் அந்த ஆள் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏமாற்று என்று நீங்கள் எழுதியிருப்பதற்குப் பதிலாகக் கொலை என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் பக்கத்தையும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நாலு வாரம் அவளிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன், முகத்துக்கு நேராக, மரியாதையாகக் கேட்டேன். அவள்தான் கடைசிவரை தன் உண்மையான விலை என்னவென்று என்னிடம் சொல்லவே இல்லை.